மூன்று மைல் வேகம்

ஜூலை பதினொன்று, காலை ஏழேகால், ஆர்கன்சாஸ்.
லொரெட்டா ஹாஸ்கின்ஸ் வாசல் விளக்கை அணைக்காமலே
தோட்டத்துக்கு வந்து நிற்கிறார்.
நான் கையுறை மாட்டிக்கொண்டு
எண்ணத் தொடங்குகிறேன்.

பீச் மரம், நான்காம் வரிசை.
இலைகள் ஓரம் சுருண்டு
கரண்டிகளாகிவிட்டன.
ஆயிரம் கரண்டி.
பரிமாறத்தான் ஒன்றுமில்லை.

நான் மாநில அரசின் ஆள்.
இலையைக் கிள்ளி உறையில் போட வேண்டும்,
உறைக்கு எண் தர வேண்டும்,
எண்ணைப் படிவத்தில் ஏற்ற வேண்டும்.
இந்தக் கோடையில் இது இருநூற்றுப் பதினான்கு.

சாலைக்கு அந்தப் பக்கம் வெண்டல் கிளெக்கின் சோயா
எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை போல் மினுங்குகிறது.
அந்த விதையை இந்த மருந்து தொடாது.
விதையும் மருந்தும் ஒரே கம்பெனி,
ஒரே ரசீதில் இரண்டு வரி.
சாகடிப்பதை விற்கிறவனிடமே
சாகாததையும் வாங்க வேண்டும்.

கிளெக் குறிப்பேட்டை நீட்டுகிறார்.
ஜூன் இருபத்தெட்டு, மாலை ஐந்து மணி.
காற்று மணிக்கு மூன்று மைல், வடக்கு நோக்கி.
லொரெட்டாவின் தோட்டம் தெற்கே.
குழாய் முனை, உயரம், அழுத்தம்
எல்லாம் அச்சிட்ட விதிப்படி.
ஒரு பொய்யும் இல்லை.
போன மார்ச்சில் ஹாஸ்கின்ஸின் சவப்பெட்டியைத் தூக்கிய
ஆறு பேரில் இவரும் ஒருவர்.
லொரெட்டாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒன்பது மணிக்குமேல்
காற்று நின்று,
குளிர்ந்த தரைக்கு மேலே வெப்பம் மூடி போட்டபின்
இலையில் படுத்திருந்த மருந்து
எழுந்து நடந்தது.
கால்வாயைத் தாண்டி,
கல்லறைகளுக்கு நடுவே அவசரமில்லாமல்,
தேவாலயத்து ஓக் மரத்தில் ஏறி இறங்கி,
பள்ளிக்கூடத்துத் தக்காளிப் பாத்தியில் கொஞ்சம் நின்று,
பிறகு இங்கே.
குறிப்பேட்டில் இதற்குக் கட்டம் இல்லை.

மே மாதம் நகரக் கூடத்தில்
கம்பெனி ஒரு விருந்து வைத்தது.
சுட்ட விலா எலும்பு, சோள ரொட்டி,
இஸ்திரி மடிப்புக் கலையாத ஒருவர் பேசினார்:
மருந்தில் குறையில்லை,
தெளிக்கிற கையில்தான் இருக்கிறது எல்லாம்.
வந்தவர்களுக்கெல்லாம் ஒரு தொப்பி.
லொரெட்டாவுக்கும் கிடைத்தது.
வெயிலுக்கு இப்போது அதைத்தான் போட்டிருக்கிறார்.

எங்கள் ஆய்வகத்தின் புதிய கருவியிலும்
விரல் அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு உண்டு:
அன்பளிப்பு.
யார் என்று கேட்காதீர்கள்.

மேற்குப் பக்கத்து ஏமஸ் பெட்டிக்ரூ
வேலியில் சாய்ந்து சொல்கிறார்:
"அடுத்த வருஷம் நானும் அந்த விதைதான்.
பிடித்துப்போய் இல்லை."
மீதியை எச்சிலோடு விழுங்குகிறார்.
டிசம்பரில் கம்பெனியின் ஆண்டறிக்கை
அவரையும் சேர்த்து எண்ணிக்கொண்டு
விவசாயிகளின் விருப்பம் பெருகுகிறது என்னும்.

பீச்சுக்கு அப்படியொரு விதை கிடையாது.
லொரெட்டா கேட்கிறார்:
"இருக்கிற பழத்தைச் சாப்பிடலாமா?"
எனக்குத் தெரியாது என்பதை
அலுவலக வார்த்தைகளில் சொல்கிறேன்.
நீளமாக வந்தது.
முடிகிறவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு
ஒரு பழம் பறித்து என் கையில் வைக்கிறார்.

மூலம்: தீர்மானிக்க இயலவில்லை.
இருநூற்றுப் பதினான்காவது முறையாக எழுதுகிறேன்.
பேனாவுக்கே பழகிவிட்டது,
நான் பிடித்துக்கொண்டால் போதும்.

பிறகு இன்னும் மூன்று பண்ணை. வீடு திரும்பும்போது இருட்டுகிறது.
பக்கத்து இருக்கையில் பழம் உருள்கிறது.
சான்றென்றால் எண் தரவேண்டும்,
பரிசென்றால் வாங்கியதே தவறு,
பழம் என்றால்
கடித்துப் பார்க்கலாம்.

சாலையோரம் ஒரு இலைகூட அசையவில்லை.
நாற்காலிகளைப் புல்லில் போட்டு
குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன.
ஒரு பெண் கையசைத்து,
என்ன அருமையான மாலை என்கிறாள்.

ஆமாம் என்று தலையசைத்துக்கொண்டே
கண்ணாடியை ஏற்றுகிறேன்.